ஆறுதல் வேண்டாம், ரம்பத்தைக் கொடுங்கள்!

திங்கட்கிழமை. காலை மணி 5.

நாற்பது வருஷப் பழக்கம்! அலாரம் அடிக்கவில்லை. ஆனாலும் கண் விழித்துக்கொள்கிறது. எழுந்து உட்காருகிறார். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையைக் கை தேடுகிறது. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. இன்று வேலைக்குப் போக வேண்டாம். நாளைக்கும் வேண்டாம். இனி என்றைக்குமே வேண்டாம்!

வெள்ளிக்கிழமைதான் வழியனுப்பு விழா நடந்தது. கேக் வெட்டினார்கள். முதலாளி கை குலுக்கினார். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். இனிமேல் மணி பார்த்து அவர் என்ன செய்யப்போகிறார்? இருந்தாலும் கடிகாரம்தான் கொடுப்பார்கள். அது உலக வழக்கம்!

இந்த மனிதர் ஆஸ்திரேலியாக்காரர். தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்த்தவர். இவருக்குப் பெயர் வேண்டாம். இவரைப்போல் அந்த நாட்டில் ஆயிரம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. காபியை நிதானமாகக் குடித்தார். பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். தோட்டத்துப் புல்லை வெட்டினார்.

இரண்டாவது வாரம் புல் வளரவில்லை.

மூன்றாவது வாரம் சமையல் அறைக்குள் நுழைந்தார். டப்பாக்களை எல்லாம் இறக்கி, உயரத்தின்படி வரிசையாக அடுக்கி வைத்தார். மனைவிக்கு உப்பு எங்கே இருக்கிறது, சர்க்கரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை!

"ஏன் இப்படி என் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள்? எங்கேயாவது போய்விட்டு வாருங்களேன்!" என்றாள் அந்த அம்மாள்.

போகலாம். ஆனால் எங்கே போவது?

அதுதான் கேள்வி.

சிநேகமும் ஓய்வு பெற்றது

மனைவிக்குப் பக்கத்து வீட்டில் சிநேகிதி உண்டு. எதிர் வீட்டில் உண்டு. மாதா கோவிலில் நாலு பேர், தையல் வகுப்பில் ஆறு பேர். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவள் சூப் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுவாள். பெண்கள் தங்கள் சிநேகத்தை வீட்டு வாசலிலேயே வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆண்பிள்ளை அப்படியல்ல. அவருடைய சிநேகம் எல்லாம் தொழிற்சாலைக்குள் இருந்தது. எந்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். முப்பது வருஷம் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. வேலை நின்றதும் சிநேகமும் நின்றுவிட்டது.

முன்பெல்லாம் இதற்கு ஒரு வழி இருந்தது. ஆஸ்திரேலியாவில் பழைய வீடுகளுக்குப் பின்னால் பெரிய கொல்லை இருக்கும். கொல்லையின் மூலையில் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருக்கும். அதைத்தான் "ஷெட்" என்பார்கள். ரம்பம், உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாம் அங்கே சுவரில் தொங்கும். பழைய டப்பாக்களில் ஆணியும் திருகாணியும் ரகவாரியாக இருக்கும். வீட்டுக்காரர் அதற்குள் போனால் மணிக்கணக்காக வெளியே வரமாட்டார். உடைந்த நாற்காலிக்குக் கால் போடுவார். பேரனுக்கு வண்டி செய்வார். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்தும் இருப்பார். அது அவருடைய ராஜ்யம்.

அந்த ராஜ்யமும் இப்போது பலருக்கு இல்லை. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். அடுக்குமாடியில் இரண்டு அறை. அங்கே ரம்பத்தை எங்கே மாட்டுவது? வீடு மாறுவதற்கு முன்னால் வாசலில் மேஜை போட்டுச் சாமான்களை விற்பார்கள். தகப்பனார் காலத்து இழைப்புளி சில்லறைக் காசுக்குப் போகும். அதை விற்கிற அன்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பாடு இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது. வேறு என்ன வேண்டும் என்பார்கள்.

அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இது ஆஸ்திரேலிய அரசாங்கப் புள்ளிவிவர இலாகா எடுத்த கணக்கு. 2022-ம் ஆண்டில் அந்த நாட்டில் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டவர்களின் விகிதம் எந்த வயதினரிடம் மிக அதிகம் தெரியுமா? காதலில் தோற்ற வாலிபர்களிடம் அல்ல. 85 வயதைத் தாண்டிய ஆண்களிடம்!

எண்பத்தைந்து வருஷம் வாழ்ந்த மனிதர். யுத்தத்தைப் பார்த்தவர். பிள்ளை குட்டிகளை வளர்த்து ஆளாக்கியவர். அவருக்கு வாழ்க்கை வெறுத்துப்போகிறது என்றால், குறை சோற்றில் இல்லை. "நம்மால் யாருக்கு என்ன பிரயோசனம்?" என்ற ஒரு நினைவுதான் அவரை அரிக்கிறது.

வழி காட்டியவள் ஒரு பெண்

தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் கூல்வா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. முர்ரே ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நீராவிப் படகுகள் வந்து நின்ற துறை.

அந்த ஊரில் முதியவர்களுக்காக ஒரு மன்றம் இருந்தது. அங்கே பணி செய்தவர் மாக்சீன் சேஸ்லிங் என்ற பெண்மணி. ஆண்களுக்கு என்று தனியாக ஓர் இடம் வேண்டும், அது அவர்கள் கைக்குப் பழக்கமான இடமாக இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1993-ம் ஆண்டில் ஒரு பட்டறை திறந்தார். அதற்கு வைத்த பெயர் "தி ஷெட்". அவ்வளவுதான்!

ஐந்து வருஷம் கழித்து, 1998-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், விக்டோரியா மாநிலத்தில் டோங்காலா என்ற ஊரில் ஒன்று திறந்தார்கள். அது பால் பண்ணைகள் நிறைந்த ஊர். "மென்ஸ் ஷெட்", அதாவது ஆண்கள் பட்டறை என்ற பெயர் முதன்முதலாக அங்கேதான் ஏற்பட்டது. அதற்குப் பாடுபட்ட டிக் மக்கோவன் என்பவரின் பெயரை அந்தப் பட்டறை தாங்கி நிற்கிறது. அதே வருஷம் டிசம்பரில் சிட்னி நகரின் லேன் கோவ் பகுதியில் ஒன்று வந்தது. அதை முன்னின்று அமைத்தவர்களில் ஒருவரும் ஒரு பெண்மணிதான். பெயர் ரூத் வான் ஹெர்க்.

ஆண்பிள்ளைகளின் மனக்குறையைத் தீர்க்க ஆண்பிள்ளைகளுக்கு வழி தோன்றவில்லை, பெண்களுக்குத் தோன்றியது! இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சமையல் அறையில் டப்பாக்கள் இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தானே!

இன்று ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட பட்டறைகள் 1,000-க்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்கு என்று 2007-ம் ஆண்டில் ஒரு தேசிய சங்கமும் ஏற்பட்டது.

உள்ளே என்ன நடக்கிறது?

காலையில் கதவு திறக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். வெள்ளைத் தலைகள், மூக்குக் கண்ணாடிகள். ஒருவர் கைத்தடியோடு வருகிறார். ஒருவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு வருகிறார்.

வந்ததும் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. "உங்கள் மனக்கவலையைச் சொல்லுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

குழந்தைகள் பள்ளியிலிருந்து ஓர் உடைந்த மர ரயில் வந்திருக்கிறது. பூங்காவுக்கு இரண்டு பெஞ்சு வேண்டுமாம். விதவை அம்மாள் ஒருத்தியின் வீட்டுக் கதவு சாத்த முடியவில்லை. துருப்பிடித்த சைக்கிள்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைச் சரிசெய்து, வாங்க வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும். கிறிஸ்துமஸ் வருவதற்கு முன்னால் நூற்றுக்கணக்கில் மரப் பொம்மைகள் செய்து தீரவேண்டும். பறவைகள் கூடு கட்டுவதற்குப் பெட்டிகள் கேட்டிருக்கிறார்கள்.

ஒருவர் இழைக்கிறார். ஒருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். இன்னொருவர் கடைசல் எந்திரத்தில் மேஜைக்குக் கால் கடைகிறார். மரத்தூள் வாசனையும் பசை வாசனையும் கலந்து வருகின்றன. அந்த வாசனைக்காகவே வருகிறவர்கள் உண்டு!

பத்தரை மணி ஆனதும் எந்திரங்கள் நிற்கின்றன. தேநீர் நேரம். இதற்கு ஆஸ்திரேலியாவில் "ஸ்மோகோ" என்று பெயர். முன்காலத்தில் வேலைக்காரர்கள் புகை பிடிக்கப் போகும் நேரம் அது. இப்போது புகை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கிறது. பிஸ்கட் தட்டு வருகிறது. கேலி பேசுகிறார்கள். கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் முக்கியமான பேச்சு தேநீர் மேஜையில் நடப்பதில்லை. அது வேலை மேஜையில் நடக்கிறது.

இரண்டு பேர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அறுக்கிறார், மற்றவர் ஆடாமல் பிடித்திருக்கிறார். இருவர் கண்ணும் ரம்பத்தின் மேல் இருக்கிறது. அப்போது, பலகையைப் பார்த்தபடியே, ஒருவர் சொல்கிறார்:

"சிறுநீர் போவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது."

மற்றவர் தலை நிமிர்வதில்லை. "எனக்கும் இருந்தது. டாக்டரிடம் போனேன். ஆபரேஷன் செய்தார்கள். நீங்களும் நாளைக்கே போங்கள். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் பிடியுங்கள்" என்கிறார்.

பேச்சு முடிந்தது. பலகையும் அறுந்தது. மனைவி ஒரு வருஷமாகக் கெஞ்சியும் டாக்டரிடம் போகாதவர், மறுநாள் போகிறார்!

இதைத்தான் அந்தத் தேசிய சங்கம் தன் கோஷமாக வைத்திருக்கிறது. ஆண்கள் முகத்துக்கு நேரே பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றால்தான் பேசுவார்கள் என்பது அதன் கருத்து. நாற்காலியில் எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

ரம்பம் பிடிக்கத் தெரியாதவர்

எல்லாரும் தொழிலாளிகள் அல்ல. பாங்கியில் கணக்கு எழுதியவரும் வருகிறார். பள்ளி ஆசிரியர் வருகிறார். ரயில்வே குமாஸ்தா வருகிறார். ஆயுள் முழுவதும் பேனாவைத் தவிர வேறு கருவியைத் தொடாத கைகள்!

அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தச்சர் நிற்கிறார். எட்டாவது வகுப்போடு படிப்பை விட்டவர். பள்ளிக்கூடத்தில் "மக்கு" என்று பெயர் வாங்கியவர். இப்போது பாங்கி அதிகாரிக்கு அவர்தான் வாத்தியார். "உளியை அப்படிப் பிடிக்கக்கூடாது ஐயா, விரல் போய்விடும்!" என்று அதட்டுகிறார். அதிகாரி தலையை ஆட்டுகிறார்.

பல்லாரட் பல்கலைக்கழகத்தில் இருந்த பாரி கோல்டிங் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் பட்டறை பட்டறையாகப் போய் ஆராய்ந்து 2007-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பள்ளிக்கூடம் என்றாலே கசந்த பலர், பட்டறையில் சந்தோஷமாகக் கற்றுக்கொள்வதைக் கண்டார்கள். அங்கே பரீட்சை இல்லை, மார்க்கு இல்லை. "மாணவன்" என்று யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அறுபது எழுபது வயதில் படிக்க வைக்கவேண்டுமானால் படிக்கிறோம் என்பதே தெரியக்கூடாது போலிருக்கிறது!

சில பட்டறைகளில் அடுப்பும் இருக்கிறது. மனைவியை இழந்தவர்களுக்குச் சமையல் சொல்லித் தருகிறார்கள். ஐம்பது வருஷம் தட்டில் வந்ததைச் சாப்பிட்டவர், முதன்முதலாக வெங்காயம் நறுக்குகிறார். கண்ணீர் வருகிறது. அது வெங்காயத்தால் வந்தது என்று எல்லாரும் நம்புகிறார்கள். நல்ல மனிதர்கள்!

கை நடுங்குகிறவரை எந்திரத்துக்குப் பக்கத்தில் விடுவதில்லை. அது சரியான கட்டுப்பாடு. எந்த எந்திரமானாலும் அதை இயக்கும் முறையை ஒருவர் காட்டிக் கொடுத்த பிறகுதான் புதியவர் தொடலாம். ஆனால் கை நடுங்குகிறது என்பதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் இல்லை. கலந்து கிடக்கும் திருகாணிகளை அவர் ரகம் பிரிக்கலாம். கணக்குப் புத்தகம் எழுதலாம். "அந்தக் காலத்தில் இந்த மூட்டை எப்படிப் போடுவோம் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதுவும் வேலைதான்.

தீயில் போன ஊர்கள்

2009-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி சனிக்கிழமை. விக்டோரியா மாநிலத்தில் காட்டுத் தீ பிடித்தது. ஊர் ஊராக எரிந்தது. 173 பேர் இறந்தார்கள். 2,000-க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அந்த நாளுக்கு இன்றும் "கறுப்புச் சனிக்கிழமை" என்று பெயர்.

தப்பிப் பிழைத்தவர்களுக்கு உணவு வந்தது. துணி வந்தது. மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லப் படித்தவர்கள் வந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களிடம் பேசினார்கள். ஆண்கள் பலர் பேசவில்லை. எரிந்த வீட்டின் தகரத்தைக் கிளறிக்கொண்டு தனியாக நின்றார்கள். வீட்டோடு கொல்லைப்புறத்துக் கொட்டகையும் எரிந்துபோயிற்று. மரக் கைப்பிடி எரிந்துபோன சுத்தியல் தலைகளும், நெருப்பில் பதம் போன உளிகளும்தான் மிச்சம்.

தீப்பட்ட பல ஊர்களில் அப்போது ஆண்கள் பட்டறைகள் எழுந்தன. மற்ற ஊர்க்காரர்கள் கருவிகளை அனுப்பிவைத்தார்கள். வீடு இழந்தவர்கள் அங்கே கூடி, முதலில் ஒரு மேஜை செய்தார்கள். பிறகு நாற்காலி செய்தார்கள். ஒன்றுமில்லாமல் நின்றவனுக்குத் தன் கையால் செய்த ஒரு நாற்காலி கிடைத்தால் அது எவ்வளவு பெரிய சொத்து என்பதை, வீட்டில் பத்து நாற்காலி வைத்திருப்பவர்கள் அறியமாட்டார்கள்.

ஆஸ்பத்திரி ஆக்கிவிடாதீர்கள்!

நல்லது ஒன்று நடந்தால் அரசாங்கத்தின் கண் அதன்மேல் படும். அதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

2010-ம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசாங்கம் ஆண்களின் உடல்நலத்துக்காக ஒரு கொள்கை வகுத்தது. ஆண்கள் பட்டறைகளுக்கும் அதில் இடம் கொடுத்தது. பண உதவி செய்தது. உதவி தேவைதான். கூரை போடவேண்டும், மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும், இன்ஷூரன்ஸ் கட்டவேண்டும். இலவசமாக மரம் கிடைக்கும். இலவசமாக இன்ஷூரன்ஸ் கிடைக்காது!

தேசிய சங்கம் உடல் பரிசோதனைக்கு ஒரு வேடிக்கையான ஏற்பாடு வைத்திருக்கிறது. அதற்கு "ஸ்பேனர் இன் தி ஒர்க்ஸ்" என்று பெயர். காரை சர்வீசுக்கு விடுவதுபோல உடம்பையும் விடுங்கள் என்று சொல்லி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். காருக்கு எண்ணெய் மாற்றத் தவறாத மனிதர், தன் உடம்பைப் பத்து வருஷம் கவனிக்காமல் விட்டிருப்பார். அவரிடம் இப்படிப் பேசினால்தான் எடுபடுகிறது. இதில் தவறே இல்லை.

தவறு எங்கே வரும்? டாக்டர்களும் அதிகாரிகளும் பட்டறையை மலிவான ஆஸ்பத்திரியாக எண்ணத் தொடங்கினால் அங்கே வரும். "தனிமை நோய்க்கு மருந்து" என்று வாசலில் பலகை மாட்டினால் அங்கே வரும். வருகிறவர்களிடம் மாதம் ஒரு முறை நோட்டை நீட்டி, "போன மாதத்தைவிடச் சந்தோஷமாக இருக்கிறீர்களா? ஆம், இல்லை" என்று கோடு போடச் சொன்னால் அங்கே வரும்!

அன்றைக்கே பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஏனென்றால், நோயாளியாக வருவதற்கு அவர்களுக்குச் சம்மதம் இல்லை. ஆதரவற்றவர் என்று பெயர் வாங்கவும் சம்மதம் இல்லை. "பொழுது போகாத கிழவர்கள் கூடும் இடம்" என்று சொன்னால் ஒரு கிழவரும் கூடமாட்டார். பூங்காவுக்குப் பெஞ்சு செய்ய ஆள் வேண்டும் என்றால் வருவார். வேலை என்பது ஒரு சாக்குத்தானே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும். அந்தச் சாக்கைப் பிடுங்கிவிட்டால் மனிதர் வெறுங்கையோடு அல்லவா நிற்பார்?

பெஞ்சு உண்மையாகவே பூங்காவுக்குப் போகவேண்டும். அதில் யாராவது உட்காரவேண்டும். பொய் வேலை கொடுத்து முதியவர்களை ஏமாற்ற முடியாது. செய்த பொம்மையைப் பின்புறமாகக் குப்பையில் போட்டுவிட்டு, "ரொம்ப அழகு தாத்தா!" என்று சொல்லும் இடங்களும் உலகத்தில் உண்டு. அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

பெண்களுக்கு இடம் உண்டா?

இந்தச் சண்டை அங்கே அடிக்கடி நடக்கிறது. பெண்களுக்கும் ரம்பம் பிடிக்கத் தெரியும், அவர்களை ஏன் விடக்கூடாது என்பது ஒரு கட்சி. பெண்கள் வந்தால் ஆண்கள் மனம் விட்டுப் பேசமாட்டார்கள் என்பது இன்னொரு கட்சி.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கணவரை இழந்த ஓர் அம்மாள், வீட்டுக் குழாயைத் தானே மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்தால், கதவைச் சாத்துவது முறையல்ல. சில பட்டறைகள் பெண்களையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. சில, பெண்களுக்கென்று தனி நாள் ஒதுக்கியிருக்கின்றன. பெண்களே தனியாக நடத்தும் பட்டறைகளும் வந்துவிட்டன. ஆனால் ஆண்களுக்கு என்று வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளையாவது விட்டுவைப்பதுதான் நல்லது. மூத்திரக் கோளாறைப் பற்றிய பேச்சு, பெண்கள் நிற்கும் இடத்தில் அந்த வயது மனிதர்களுக்கு வரவே வராது. வீட்டில் இருக்கும் அம்மாள்களைக் கேட்டுப் பார்த்தால், அவர்களும் இதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். வாரத்தில் இரண்டு காலைப் பொழுது அவர்களுக்கும் அல்லவா விடுதலை!

சொர்க்கம் அல்ல

பட்டறை என்றதும் எல்லாரும் அண்ணன் தம்பிகளாகக் கூடி வாழ்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நல்ல உளியை ஆணி பிடுங்க எடுத்தது யார் என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். முன்னாள் மேனேஜர் ஒருவர் எல்லாரையும் அதிகாரம் செய்யப் பார்ப்பார். "இங்கே நீர் மேனேஜர் அல்ல" என்று யாராவது சொல்லவேண்டி வரும். சாவி வைத்திருப்பவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பு எல்லாம் இரண்டு மூன்று பேர் தலையிலேயே விழும். அவர்களுக்கும் வயதாகிறது. அவர்கள் படுத்துவிட்டால் பட்டறையும் படுத்துவிடும்.

இடம் ஒரு பெரிய தலைவலி. முனிசிபாலிட்டியின் பழைய கிடங்கிலோ, மாதா கோவிலுக்குச் சொந்தமான கொட்டகையிலோ பட்டறை நடக்கிறது. நிலத்தின் விலை ஏறினால் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். ரம்பச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் மனுப் போடுவார். கிழவர்கள் குறட்டை விட்டால் பொறுத்துக்கொள்வார்கள். ரம்பம் விட்டால் பொறுக்கமாட்டார்கள் போலும்!

2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா வந்து கதவைச் சாத்தியது. முதியவர்களைக் காப்பாற்றத்தான் சாத்தினார்கள். ஆனால் ஒரே இடமாக இருந்ததும் போயிற்று. ஒருவருக்கொருவர் டெலிபோன் செய்து பேசிக்கொண்டார்கள். என்ன பேசுவது? "எப்படி இருக்கிறீர்?" "இருக்கிறேன்." அவ்வளவுதான். கையில் பலகை இல்லையே! கதவு மறுபடியும் திறந்தபோது சில வேலை மேஜைகளுக்கு ஆள் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவே இந்த எண்ணம் கடல் கடந்து போயிருக்கிறது. நியூசிலாந்து, கனடா, பிரிட்டன், டென்மார்க் எல்லாம் எடுத்துக்கொண்டன. அயர்லாந்தில் 2011-ம் ஆண்டில் சங்கம் ஏற்பட்டது. அந்தச் சின்ன நாட்டில் இன்று 400-க்கு மேல் பட்டறைகள் இருக்கின்றன.

சாவி

எல்லா ஊரிலும் வராதவர் ஒருவர் இருக்கிறார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பவர். அவரைப் பற்றித்தான் பட்டறைக்காரர்களுக்கு உண்மையான கவலை.

அனுபவப்பட்டவர்கள் அவர் வீட்டுக்குப் போய், "தனியாக இருக்கிறீர்களே, எங்களோடு வந்து பழகுங்கள்" என்று சொல்வதில்லை. சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும். ஓர் உடைந்த சாமானை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"நீங்கள் பிட்டர் வேலை பார்த்தவராமே? இந்த எந்திரம் இரண்டு நாளாக ஓடமாட்டேன் என்கிறது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தடவை பார்க்க முடியுமா?"

கதவு கொஞ்சம் திறக்கிறது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். எந்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "யார் இதைக் கழற்றியது? இப்படியா கழற்றுவது?" என்று திட்டுகிறார். திட்டுக் கிடைத்தால் பாதி வெற்றி!

அந்த வாரமே பட்டறைக்கு வருகிறார். இரண்டு மாதம் கழிகிறது. ஒரு நாள் மாலை, கூட்டிப் பெருக்கி எந்திரங்களுக்கு உறை போட்டபிறகு, செயலாளர் அவர் கையில் ஒரு சாவிக் கொத்தைக் கொடுக்கிறார்.

"அடுத்த வாரம் நான் ஊரில் இல்லை. செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு நீங்கள் வந்து திறந்துவிடுங்கள். வெந்நீரும் வைத்துவிடுங்கள்."

செவ்வாய்க்கிழமை காலை மணி 5. அலாரம் அடிக்கவில்லை. கண் விழித்துக்கொள்கிறது. எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடுகிறார். சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். வெளியே மழை தூறுகிறது. தாமதமாகப் போனால் பத்துப் பேர் நனைந்துகொண்டு நிற்பார்கள்.